படித்துப் பார்த்துப் போட்ட கையெழுத்து

பழனியாண்டியின் குரல் போன பிறகு அந்தத் தோட்டத்தில் முதல்முதலாக நிம்மதிப் பெருமூச்சு விட்டவர் ஆபீஸ் கணக்கர் இஞ்ஞாசிமுத்து கிராணிதான். மலேசியாவில் கோலா கெத்திலுக்குப் பக்கத்தில் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில், இருபது வருஷமாகக் கிராணியின் மூக்கால் பேசும் பேச்சை அச்சு அசலாகப் பேசிக் காட்டி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தையே வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தவர் பழனியாண்டி. எழுபத்தொன்பதாம் வருஷம் அவருக்குத் தொண்டையில் புற்று வந்தது. பினாங்கில் வைத்துக் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் மிஞ்சியது, கழுத்தில் ஓர் ஓட்டை மிஞ்சியது, உள்ளே இருந்த வசவுகள் அத்தனையும் ஒன்று குறையாமல் மிஞ்சின. வெளியே வரத்தான் வழியில்லை.

நாலு மாதம் கழித்துத் தோட்டத்துக்குத் திரும்பினார். கையும் காலும் நன்றாக இருந்தன. வேலைக்குப் போகலாம் என்று டாக்டரே சொல்லி அனுப்பியிருந்தார். பட்டையைச் சீவிப் பால் எடுக்க மரம் வெட்டுவதற்குக் குரல் எதற்கு? கழுத்து ஓட்டையை மெல்லிய வேட்டித் துணியால் மூடிக்கொண்டு, உளியும் வாளியுமாக விடியற்காலை ஐந்தரைக்கே பெரட்டில் போய் நின்றார்.

பெரட்டு என்றால் ஆபீஸ் முன்னால் ஆள் கணக்கு எடுப்பது. கிராணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கூப்பிட்ட ஆள் "சார்" என்று குரல் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அன்றைக்கு வேலை. கொடுக்காவிட்டால் பெயருக்கு நேரே ஒரு கோடு.

"பழனியாண்டி!" என்றார் கிராணி, புத்தகத்தைப் பார்த்தபடி.

பழனியாண்டி கையைத் தூக்கினார்.

"பழனியாண்டி! வரலையா? சரி." கோடு விழுந்தது.

மறுநாள் பழனியாண்டி உளியால் வாளியைத் தட்டினார். "இது என்னா, மாரியம்மன் கோயிலா? எவன்டா மணியடிக்கிறது?" என்றார் கிராணி. கோடு. மூன்றாம் நாள், பக்கத்து வீட்டு முருகையா பொறுக்க முடியாமல், "இருக்காரு சார், இந்தா நிக்கிறாரு" என்றான். "ஒருத்தனுக்கு ஒருத்தன் பதில் சொல்லக் கூடாதுன்னு ரூல் இருக்கு. நீ என்னா அவனுக்கு லோயரா?" என்றார் கிராணி. ரூல் இருந்தது உண்மைதான். கள்ளுக்கடையில் விழுந்து கிடந்தவர்களுக்கெல்லாம் கூட்டாளிகள் குரல் கொடுத்த காலத்தில் போட்ட ரூல் அது. பத்தடி தூரத்தில் ஓர் ஆள் முழுசாக நிற்கிறான், தலையை நிமிர்த்திப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்தத் தலைதான் நிமிரவில்லை. அப்படியொரு அற்பமான பழிவாங்கலைப் பழனியாண்டி தம் வாழ்நாளில் பார்த்ததில்லை. இவ்வளவு சின்ன மனசை இவ்வளவு பெரிய தொப்பைக்குள் எப்படி வைத்திருக்கிறான் என்று மட்டும் யோசித்தார்.

ஆனால் அற்பத்தனத்துக்கும் கணக்கு உண்டு. தொடர்ந்து முப்பது கோடு விழுந்தால் செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். பெயர் போனால் வீடு போகும். வீடு தோட்டத்து வீடு. மனைவி மருதம்மாளின் பெயர், பினாங்கில் அவருக்குத் துணையாக இருந்த மாதங்களிலேயே அடிபட்டுப்போய்விட்டது. ஒரே மகள் அலோர் ஸ்டாரில் மாமனார் மாமியாரோடு ஓர் அறைக்குள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். அங்கே போய் நிற்க முடியாது. ஆபீஸ் படியேறித் தோட்ட மேனேஜரான தொரையைப் பார்க்கலாம் என்றால், கிராணியைத் தாண்டித்தான் போக வேண்டும். யூனியன் தலைவரிடம் சொல்லலாம் என்றால், அவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கிராணி வீட்டில் சீட்டாடுகிறவர்.

பதினொரு கோடு விழுந்திருந்தபோதுதான் கேன்சர் சபா வந்தது.

அதன் முழுப் பெயர் ரொம்ப நீளம். சுங்கைப் பட்டாணியில் நாலைந்து வசதியான ஆட்கள் சேர்ந்து நடத்தியது. வியாதிக்காரனுக்கு மருந்து மட்டும் போதாது, அவனுக்கும் அவன் குடும்பத்துக்கும் வேறு என்னென்ன தேவை என்று வீடு தேடி வந்து கண்டுபிடிப்பது அவர்கள் வேலையாம். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் பழனியாண்டியின் பெயரை எழுதி அனுப்பியிருந்தார். ஒரு மத்தியானம் வெள்ளை மோட்டார் காடி ஒன்று லயத்துக்குள் வந்து நின்றது. டை கட்டிய மிஸ்டர் வால்டரும், கேமராவோடு மிஸ் ஜேனும் இறங்கினார்கள். வால்டர் இன்சூரன்ஸ் ஆபீசில் பெரிய ஆள். ஜேன் அவருடைய தங்கை. அரை லயம் வாசலில் கூடிவிட்டது.

வந்ததும் ஜேன் ஒரு மைலோ டின்னையும் பிஸ்கட் டின்னையும் பழனியாண்டியின் கையில் கொடுத்து ஒரு படம் பிடித்தாள். துணி மறைக்கிறது என்று சொல்லி, கழுத்துத் துணியை விலக்கச் சொல்லி இன்னொரு படம் பிடித்தாள். பழனியாண்டி அவளைப் பார்த்த பார்வையில் கேமரா உருகியிருக்க வேண்டும். நல்ல கேமரா போலிருக்கிறது, தாங்கிக்கொண்டது.

வால்டர் நாலு பக்கத்துக் கேள்விப் பாரம் ஒன்றை எடுத்துத் தொடையில் விரித்தார். எல்லாம் இங்கிலீஷ்.

"அங்கிள்! நான் சொல்றது கேக்குதா அங்கிள்?" என்று லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்.

போனது தொண்டைதானே தவிர காதில்லை என்று சொல்லப் பழனியாண்டிக்கு வழியில்லை. தலையாட்டினார்.

"ஆன்ட்டி, அங்கிள் நல்லா தூங்குறாரா?"

"தூங்குறாருய்யா," என்றாள் மருதம்மாள்.

"மனசு எப்பிடி? சோர்வா இருக்காரா, கோவமா இருக்காரா?"

"அவரு பொறந்ததுலேருந்தே கோவந்தான்."

வால்டர் எதற்கோ ஒரு சரி போட்டார். ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் இருக்கிறதா, சாமி கும்பிடுகிறாரா, சொந்தக்காரர்கள் வந்து பார்க்கிறார்களா, பொழுது எப்படிப் போகிறது, எதை நினைத்துப் பயம். கேள்வி மேல் கேள்வி. எல்லாம் மருதம்மாளிடம். தம்மைப் பற்றித் தம் எதிரிலேயே, மாட்டைப் பற்றி மாட்டுக்காரனிடம் கேட்பது போலக் கேட்கிறானே என்று பழனியாண்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த நாலு பக்கத்தில் எங்கேயாவது பெரட்டு என்று ஒரு வார்த்தை இருக்குமா? இருக்காது. அதை அச்சடித்தவன் பெரட்டைக் கண்டானா, கிராணியைக் கண்டானா?

பிறகு ஜேன், "ஆன்ட்டி, கிச்சன் பாக்கலாமா? தண்ணி எங்க புடிக்கிறீங்க?" என்று மருதம்மாளைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். வால்டர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

"லாஸ்ட் கொஸ்டியன் அங்கிள். உங்களுக்கு ரொம்ப முக்கியமா என்னா வேணும்? எதுனாலும் சொல்லுங்க லா."

இதற்காகத்தான் பழனியாண்டி இவ்வளவு நேரமும் பொறுத்துக்கொண்டிருந்தார். குரல் போனதிலிருந்து கைவசம் வைத்திருந்த சிலேட்டை எடுத்தார். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்த கை. மணிமணியாக எழுதினார்:

'பெரட்டில் என்னால் குரல் கொடுக்க முடியவில்லை. கை தூக்குகிறேன். கிராணி நிமிர்ந்து பார்ப்பதில்லை. நிமிர்ந்து பார்க்கச் சொல்லித் தொரைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வேறு ஒன்றும் வேண்டாம்.'

வால்டர் சிலேட்டை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். முகத்தில் இரக்கம் வந்தது.

"ஆமா அங்கிள். கரெக்ட். ரொம்பப் பாவம். இது பெரிய விஷயம்தான்."

பழனியாண்டி அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் வரிமேல் ஓடவில்லை. சிலேட்டின் நடுவில் ஒரே இடத்தில் குத்திட்டு நின்றது. அட பாவி, இவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது! இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை. தெரியாது என்று சொல்ல டை இடம் கொடுக்கவில்லை. பழனியாண்டிக்குக் காறித் துப்பலாம் போல இருந்தது. தாய்மொழியில் நாலு வரி வாசிக்கத் தெரியாதவன் ஊரார் தேவையைக் கண்டுபிடிக்கக் காடி போட்டுக்கொண்டு வந்துவிட்டான்!

சிலேட்டைப் பிடுங்கி வைத்துவிட்டு, கையால் சொன்னார். ஆபீஸ் பக்கம் காட்டினார். தொண்டையைக் காட்டினார். கையைத் தூக்கினார், இறக்கினார். வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"புரியுது அங்கிள். எல்லாம் புரியுது. நீங்க டென்சன் ஆவாதீங்க," என்று வால்டர் குனிந்து கடகடவென்று ஏழு வரி எழுதினார். பிறகு பாரத்தை நீட்டினார். "படிச்சுப் பாத்துட்டு சைன் பண்ணுங்க. இங்கிலீஷ் தெரியும்தானே அங்கிள்?"

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பழனியாண்டிக்கு இங்கிலீஷ் தெரியாது. பழைய டிரசர் ஒருவரிடம் ஒரு மாதம் பழகி, வளைவும் சுழியுமாக ஓர் இங்கிலீஷ் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார். அதோடு சரி. ஆனால் தோட்டத்தில் யாருக்கு எந்தக் கடுதாசி வந்தாலும் அவரிடம்தான் வரும். தமிழ்ப் பேப்பரைக் கணீரென்று வாசிக்கிறவருக்கு இங்கிலீஷ் மட்டும் தெரியாமலா இருக்கும்? அவரும் மறுத்ததில்லை. தடித்த தாளாக இருந்தால் "நல்ல சேதிதான்" என்பார். சிவப்பு முத்திரை இருந்தால் "கொஞ்சம் சிக்கல், கிராணிகிட்ட காட்டு" என்பார். மெல்லிய தாளாக இருந்தால் "ஒண்ணுமில்ல, பெட்டியில வையி" என்பார். பாதிக்கு மேல் பொருந்திவிடும். இரண்டு வருஷத்துக்கு முன் அலோர் ஸ்டாரிலிருந்து முருகையாவுக்கு வந்த கடுதாசி மெல்லிய தாள். பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருந்தான். "ஒண்ணுமில்ல, மனு கெடச்சிருச்சாம். மறுபடி எழுதுவாங்க" என்றார் பழனியாண்டி. மறுபடி யாரும் எழுதவில்லை. முருகையா இன்னமும் பிரஜை அல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாளக் கார்டோடு வருஷா வருஷம் வேலை பெர்மிட்டுக்கு அலைந்துகொண்டிருந்தான். தன் நேரம் சரியில்லை என்றுதான் சொல்வான்.

அந்த முருகையாவும்தான் வாசலில் நின்றான். அவனோடு அரை லயமும் நின்றது. "அண்ணனுக்கா தெரியாது! வக்கீல் நோட்டீசே வாசிப்பாரு!" என்று வால்டரிடம் பெருமையாகச் சொன்னான்.

பழனியாண்டி தலையாட்டினார். பாரத்தை வாங்கினார். வால்டரைப் போல ஒரே இடத்தில் கண்ணைக் குத்திட்டு நிறுத்துகிற கத்துக்குட்டியா அவர்? இடமிருந்து வலமாக, ஒவ்வொரு வரியாகக் கண்ணை ஓட்டினார். நாலாவது வரியில் கொஞ்சம் புருவத்தைச் சுருக்கினார். கடைசியில், பரவாயில்லை என்பது போலத் தலையசைத்தார். வளைவும் சுழியுமாகக் கையெழுத்துப் போட்டார். வாசலில் நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

காடி போனதும் மருதம்மாள் கேட்டாள்: "அந்தாளு என்னா எழுதுனாரு?"

எல்லாம் சரிதான் என்று கையைக் காட்டினார். தாம் கையை ஆட்டிச் சொன்னது அந்த மடையனுக்குக்கூடப் புரியாமலா இருக்கும்?

அதற்குப் பிறகும் தினமும் பெரட்டுக்குப் போனார். கை தூக்கினார். கோடு விழுந்தது. பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்து நாலு. இப்போது கோடு விழுந்தால் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். போடு ராஜா, போடு, இங்கிலீஷில் கடிதம் வருகிறது, அப்புறம் உன் கழுத்து எப்படி நிமிர்கிறது என்று பார்க்கிறேன்.

இருபத்தேழாவது கோட்டன்று கடிதம் வந்தது. தொரை கூப்பிடுவதாக ஆள் வந்தான். பழனியாண்டி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சிலேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். மருதம்மாளும் கூட வந்தாள். பெர்மிட் விஷயமாக வந்த முருகையா ஆபீஸ் ஜன்னலோரம் நின்றான். அவனோடு இன்னும் நாலைந்து பேர் காத்திருந்தார்கள்.

தொரை சீனர். கெட்டவர் இல்லை. நல்லவராக இருக்க அவருக்கு நேரமில்லை, அவ்வளவுதான். தொழிலாளிகளிடம் மலாயில் பேசுவார். அன்றைக்கு எழுந்து வந்து பழனியாண்டியின் கையைக் குலுக்கினார். அப்போதே பழனியாண்டிக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். தொரைமார் கை குலுக்குவது ஆளை அனுப்புகிறபோதுதான். தொரை மலாயில் சொல்லச் சொல்ல, இஞ்ஞாசிமுத்து கிராணி வெல்லத்தைச் சப்புகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழில் சொன்னார்.

"நீ கேட்டுக்கிட்ட மாதிரியே தொரை செஞ்சு கொடுத்துட்டாரு. இந்த மாசக் கடைசியோட உனக்கு ஓய்வு. அடுத்த மாசம் பத்தாம் தேதிக்குள்ள வீட்டக் காலி பண்ணணும். சாமான் ஏத்திக்கிட்டுப் போக லோரிகூடத் தர்றாராம். பெரிய மனசு."

பழனியாண்டி சிலேட்டை மேசைமேல் போட்டு, சாக்கட்டி உடைய எழுதினார்: 'நான் கேட்கவில்லை.'

கிராணி அதைத் தொரைக்குச் சொன்னார். தொரைக்கு ஆச்சரியம். கடிதத்தோடு வந்த பாரத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "இனி அவாக் புனியா சைன்கா?" உன் கையெழுத்துதானே இது?

வளைவும் சுழியும் அழகாகத்தான் இருந்தன.

"அதுக்கு மேல என்னா எழுதியிருக்குன்னா," என்று கிராணி வாசித்துச் சொன்னார், "'இவரால் கையைத் தூக்க முடியவில்லை. ஆபீஸ் வேலையோ தோட்ட வேலையோ இனி வேண்டாம் என்கிறார். ஓய்வெடுத்துக்கொண்டு சொந்தக்காரர்களோடு போய் இருக்க ஆசைப்படுகிறார். நிர்வாகம் இரக்கத்தோடு உதவும்படி கேட்டுக்கொள்கிறோம்.' கீழ ஒரு வரி. 'மேலே உள்ளதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டேன்.'"

 வால்டரின் டையைப் பிடித்து இழுத்து அந்தச் சிலேட்டிலேயே முட்ட வேண்டும் போலப் பழனியாண்டிக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் ஏழு வரியிலும் கண்ணை ஓட்டியது யார், நாலாவது வரியில் புருவத்தைச் சுருக்கியது யார் என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலை மட்டும் எந்த டாக்டராலும் எடுக்க முடியவில்லை.

மருதம்மாளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. முப்பது வருஷம் கூட இருந்தவள். கிராணியைத் தாண்டிக்கொண்டு, தெரிந்த அரைகுறைப் பசார் மலாயில் தொரையிடமே கொட்டினாள். வந்த ஆளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, என் புருஷனுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது, ரெண்டு பேரும் தெரிந்த மாதிரி ஒருத்தருக்கொருத்தர் தலையாட்டியிருக்கிறார்கள், அவருக்கு ஓய்வு வேண்டாம், வேலைதான் வேண்டும், கிராணி நிமிர்ந்து பார்த்தால் போதும்.

"இவனுக்கா தெரியாது?" என்றார் கிராணி, ஜன்னல் பக்கம் கேட்கும்படியாக. "தோட்டத்துக்கே கடுதாசி வாசிக்கிறவனாச்சே! தெரியும் தொரை, நல்லாத் தெரியும்." அவருக்கு உண்மை பத்து வருஷமாகத் தெரியும். அந்த நேரத்துக்காகத்தான் சேர்த்து வைத்திருந்தார்.

தொரை பழனியாண்டியைப் பார்த்தார். தெரியுமா, தெரியாதா? ஒரு பதில் போதும். தெரியாது என்றால் கடிதத்தை மேலிடத்துக்கு அனுப்பாமல் நிறுத்திவிடலாம். தெரியும் என்றால் கையெழுத்து கையெழுத்துதான்.

பழனியாண்டி மனசுக்குள் கணக்குப் போட்டார். வாய் இல்லாதவனை யாரும் வாசித்துக் காட்டச் சொல்ல முடியாது. சாகிற வரைக்கும் இங்கிலீஷ் தெரிந்தவராகவே இருந்துவிடலாம். வீடு போகும், மருதம்மாள் மகள் வீட்டில் ஒரு மூலையில் ஒண்டுவாள், ஆனால் பெயர் நிற்கும். இந்தக் கிராணி முன்னால், இவன் ஒருத்தன் முன்னால், தெரியாது என்று சொல்வதா? ஜன்னலில் முருகையாவின் முகம் தெரிந்தது. அண்ணன் இப்போது ஒரு போடு போடுவார் என்று அவன் நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

"தொண்டையத்தான வெட்டுனாங்க, தலையுமா போச்சு?" என்று மருதம்மாள் பல்லைக் கடித்தாள். "ஆட்டுங்களேன்! தெரியாதுன்னு ஆட்டுங்க!"

பழனியாண்டி தெரியாது என்று தலையாட்டினார்.

கிராணி மூக்கால் சிரித்தார். ஜன்னல் பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை. தொரை பாரத்தை மேசை டிராயருக்குள் போட்டு மூடினார். நாளையிலிருந்து ஆளைப் பார்த்துத்தான் பெரட்டு எழுத வேண்டும், விழுந்த கோடுகளையும் அடித்துவிடு என்று கிராணியிடம் சொல்லிவிட்டு, அடுத்த கடுதாசியை எடுத்துக்கொண்டார். முழுசாக ஐந்து நிமிஷம் ஆகவில்லை.

சாயங்காலம் முருகையா வந்தான். உள்ளே வா என்று மருதம்மாள் கூப்பிட்டும் வாசலிலேயே நின்றான். கோபமாகக்கூட இல்லை.

"அண்ணே, அன்னிக்கு அலோர் ஸ்டார்லேருந்து எனக்கு ஒரு கடுதாசி வந்துச்சே. அதுல என்னா போட்டிருந்துச்சு?"

பழனியாண்டி சிலேட்டை எடுத்தார். முருகையாவுக்குத் தமிழும் வாசிக்கத் தெரியாது என்பது அப்போதுதான் நினைவு வந்தது. சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாகத் தலையை ஆட்டினார். அன்றைக்கு இரண்டாம் தடவை.

"மனு விஷயமா ஒரு தேதி போட்டு நேர்ல வரச் சொல்லியிருந்தாங்களாம். கிராணி வாசிச்சுச் சொன்னாரு. பெட்டியிலதான் இருந்துச்சு," என்றான் முருகையா.  "சரிண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் பெரட்டில் கிராணி பெயரைக் கூப்பிட்டார். நன்றாக நிமிர்ந்து, பழனியாண்டியின் முகத்தை நேராகப் பார்த்தார். அவசரமே இல்லாமல் பார்த்தார். உதட்டோரம் சிரிப்பு இருந்தது. பழனியாண்டி கையைத் தூக்கினார். கிராணி பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் பார்த்து முடிக்கிற வரைக்கும் கையை இறக்க முடியவில்லை. எப்போதும் பக்கத்தில் நிற்கிற முருகையா வரிசையின் அந்தக் கோடியில் போய் நின்றிருந்தான். அவன் பெயரைக் கூப்பிட்டபோது "சார்" என்று குரல் கொடுத்தான், இந்தப் பக்கம் திரும்பவில்லை.